மாரிகுப்பத்தில் விரித்த கைக்குட்டை

சனிக்கிழமை காலை 7.40. சென்னை சென்ட்ரலில் வண்டி கிளம்பியதும் ஜன்னலோரத்தில் வசதியாக உட்கார்ந்துகொண்டேன். முதல் நாள் அலுவலகத்தில் எங்கே பயணம் என்று கேட்டார்கள். கோலார் தங்கவயலுக்கு என்றேன். நகை வாங்கவா என்று ஒருத்தி கேட்டாள். இல்லை, ஒரு காதலைப் பார்க்கப் போகிறேன் என்றேன். முப்பத்தெட்டு வயதில் கல்யாணம் ஆகாமல் இருக்கிறவள் இப்படிச் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை, பரிதாபமாகப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையையும் பையில் வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

நான் சொன்னது உண்மை. ஜப்பானில் பெண்பிள்ளைகளுக்கென்றே வரைகிற படக்கதைகள் இருக்கின்றன. மாங்கா என்பார்கள். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். கதை பெரும்பாலும் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நடக்கும். கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் ஒருவன் வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். அவனை ஒருத்தி பார்த்துக்கொண்டிருப்பாள். ஐந்தாவது புத்தகத்தில்தான் அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். எட்டாவது புத்தகத்தில் விரல் படும். விரல் பட்ட பக்கம் முழுக்கப் பூவிதழ் கொட்டும். பெண்கள் பள்ளியில் படித்து, பெண்கள் கல்லூரியில் தேறி, காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு தள்ளுகிற எனக்கு அந்தப் பூவிதழ் பக்கங்கள் மேல் இன்றுவரை ஆசை தீரவில்லை. வெட்கம்தான், ஆனால் உண்மை.

இந்தக் கதைகளுக்கு ஒரு விதி உண்டு. ஒருவர் நேருக்கு நேர் நின்று, வாய் திறந்து, உன்னைப் பிடித்திருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். சொல்லாத வரை எதுவும் தொடங்கியதாகக் கணக்கில்லை. தினமும் சேர்ந்து நடந்தாலும் சரி, ஒரே குடையில் நனைந்தாலும் சரி. வாசகர்கள் இந்த விதியை மனதில் வைத்துக்கொள்ளவும். எங்கள் இரண்டு நாளும் இதைச் சுற்றித்தான் போயின.

ஜப்பானில் ரசிகர்களுக்கு இன்னொரு பழக்கமும் இருக்கிறதாம். கதையில் வரைந்த பாலம், படிக்கட்டு, ரயில் நிலையம் எங்கே இருக்கிறது என்று தேடிப் போய் அதே கோணத்தில் நின்று பார்த்துவிட்டு வருவார்கள். கோயிலுக்குப் போவது மாதிரி. நான் போனதும் அப்படித்தான். என் கோயில் கோரமண்டல் ரயில் நிலையம்.

அதை வரைந்தவள் ஹெப்சிபா. வயது இருபத்தேழு. தங்கவயலில் கோரமண்டலில் பிறந்து வளர்ந்தவள், தினமும் ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர் ரயிலில் போய் பெங்களூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். இந்தக் கதைகளைப் படிக்கிற தமிழ்ப் பெண்கள் நாற்பது பேர் இணையத்தில் ஒரு குழுவாக இருக்கிறோம். அங்கேதான் பழக்கம். ரயிலில் உட்கார்ந்தே அவள் ஒரு கதை வரைந்து குழுவில் போட்டுவந்தாள். பெயர் ‘தூசிக் காலம்’. தங்கவயல் பள்ளி ஒன்றுக்கு ரயிலில் போகிற பத்தாம் வகுப்புப் பையனும் பெண்ணும். பூவிதழுக்குப் பதில் இவள் கதையில் சயனைடு மேட்டின் தூசி பறக்கும். தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண், மலை மலையாகக் குவிந்து கிடக்கிற மேடுகள் அவை. பையனும் பெண்ணும் மேட்டின் மேல் நிற்கிறார்கள், அவள் வாய் திறக்கப் போகிறாள், தொடரும் என்று போட்டு நிறுத்தியவள் இரண்டு வருடமாகத் தொடரவில்லை.

நான் கிளம்புவதற்கு முந்தைய வாரம் தொலைபேசியில் காரணத்தைச் சொன்னாள். கதையில் வருகிற பையன் நிஜம். பெயர் சரவணன், அவளுடன் பள்ளியில் படித்தவன், இப்போது அதே ரயிலில் அதே பெட்டியில் வேலைக்குப் போகிறவன். அவனுடைய கம்பெனி அவனைப் புனேக்கு மாற்றிவிட்டது. திங்கட்கிழமைதான் அந்த ரயிலில் அவனுக்குக் கடைசி நாள். அவள் இன்னும் சொல்லவில்லை. அவனும் எதுவும் சொன்னதில்லை. “நீங்க வாங்கக்கா. நீங்க கூட இருந்தா சொல்லிடுவேன்” என்றாள். அன்று மாலையே டிக்கெட் போட்டுவிட்டேன்.

பகல் 12 மணி. ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர் கடந்து பங்காருப்பேட்டையில் இறங்கினேன். தங்கவயலுக்குப் போகும் கிளைப் பாதையில் அந்த நேரத்துக்கு வண்டி இல்லை. ஷேர் ஆட்டோவில் தலைக்கு நாற்பது ரூபாய். ஓட்டுநர் முதலில் கன்னடத்தில் கேட்டார், பிறகு தெலுங்கில், என் முழியைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு வந்தார். “இன்னா பாக்க வந்தீங்க? சினிமா பாத்துட்டு நெறைய பேரு வராங்க. ஷாப்டு எல்லாம் மூடி எவ்ளோ வருசம் ஆச்சு” என்றார். ரயில் நிலையம் பார்க்க வந்தேன் என்றேன். சிறிது நேரம் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

கோரமண்டல் நிலையம் சின்னது. சிமெண்டு பெஞ்சு, மஞ்சள் பலகை, வேப்பமரம். முதல் அத்தியாயத்தின் முதல் கட்டத்தில் இருந்தது எல்லாம் அப்படியே இருந்தது. படத்தில் இல்லாத ஆடு ஒன்று மட்டும் பெஞ்சின் மேல் ஏறி நின்றது. அதே கோணத்தைத் தேடி நான் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்தபோது பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஹெப்சி. ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, படத்தில் அவள் தனக்கு வரைந்துகொள்கிற பெரிய கண்கள் இல்லாமல், நன்றாகவே இருந்தாள்.

வீடு சுரங்கக் காலத்து லைன் வீடு. வரிசையாக ஒரே சுவர், ஒரே கூரை. ஹெப்சியின் அம்மா ஸ்டெல்லா களியும் கறிக்குழம்பும் போட்டார். மகளைப் பற்றி அவருக்கு ஒரே கவலை. “காலையில ரயிலு, சாயந்தரம் ரயிலு. ஞாயித்துக்கெழம சர்ச்சு. இவள பொண்ணு பாக்க வர்றவன் டிக்கெட்டு எடுத்துகினுதான் வரணும்” என்றார். ஹெப்சி தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். சரவணன் வீட்டார் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், இவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். அந்தச் சண்டையெல்லாம் பிறகு, முதலில் அவன் என்ன நினைக்கிறான் என்று தெரியட்டும் என்று மாலையில் என்னிடம் தனியாகச் சொன்னாள்.

எங்கே வைத்துச் சொல்வது என்று இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஆலோசித்தோம். நான்தான் தீர்மானமாகச் சொன்னேன்: மேட்டின் மேல், சூரியன் இறங்குகிற நேரம், கதையில் நின்ற அதே இடம். நானூறு புத்தகம் படித்தவளின் ஆலோசனை. அவள் நம்பினாள்.

ஞாயிறு மாலை 4 மணி. சரவணன் ஊர் சுற்றிக் காட்ட வந்தான். படத்தில் நெற்றியில் முடி விழுகிற உயரமான பையன். நேரில் நடுத்தர உயரம், முன் பக்கம் முடி கொஞ்சம் ஏறியிருக்கிறது, பேச்சு மிகக் குறைவு. பள்ளியைப் பற்றிக் கேட்டேன். தான் கடைசி பெஞ்சு, ஹெப்சி முதல் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டின் பின்பக்கத்தில் கண்ணு கண்ணாக வரைவாள் என்றான். கடைசி பெஞ்சிலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நந்திதுர்க் சுரங்கத்தின் பக்கம் கூட்டிப்போனான். ஷாப்டு என்கிற சுரங்கக் குழியின் மேல் இரும்புக் கோபுரம் துருப்பிடித்து நின்றது. அவன் அப்பா அந்த ஷாப்டில்தான் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி வேலை பார்த்தவர். கேஜில் இறங்குகிறவர்கள் மேலே நிற்கிறவர்களிடம் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள், சும்மா ஒரு தடவை கையைத் தூக்குவார்கள் என்றான். அந்த வழக்கம் இன்னும் ஊரில் போகவில்லையாம். இதையும் நான் ஊர்த் தகவலாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

ஐந்தரைக்கு மேட்டில் ஏறினோம். அடிவாரத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மேடு சாம்பல் நிறம், மழைத் தண்ணீர் அரித்த வரிகள், மேலே போகப் போகக் காலடியில் மாவு மாதிரி புதைந்தது. ஊர் முழுக்கத் தெரிந்தது. ஓடுகள், சர்ச் கோபுரம், ரயில் பாதை. நான் நாசூக்காகப் பின்தங்கி, செருப்பில் ஏறிய மண்ணைத் தட்டுவதுபோல உட்கார்ந்துகொண்டேன். ஹெப்சி துப்பட்டாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். சரியாக அந்த நேரம் பார்த்து ஆடிக் காற்று அடித்தது.

கதையில் அந்தத் தூசி பூ மாதிரி இறங்கும். நிஜத்தில் கண்ணில், மூக்கில், வாயில் இறங்கியது. நான் இருமினேன், ஹெப்சி என்னைவிட மோசமாக இருமினாள். சரவணன் சட்டைப்பையிலிருந்து நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்து மூக்கைப் பொத்திக்கொள்ளச் சொன்னான். அவளுக்குத் தூசி ஆகாது, பள்ளியிலேயே இழுப்பு வரும், இறங்கிவிடலாம் என்றான். இறங்கிவிட்டோம். கீழே ஆளுக்குப் பன்னிரண்டு ரூபாய்க்கு டீ குடித்தோம். அவள் கைக்குட்டையைத் திருப்பிக் கொடுத்தாள், அவன் மடித்து வைத்துக்கொண்டான். பெட்டி கட்ட வேண்டும் என்று கிளம்பினான்.

அன்று ஹெப்சி அழவில்லை. நாளைக்கு ரயிலில் அவ்வளவு கூட்டத்தில் எப்படிக்கா சொல்வது என்று மட்டும் கேட்டாள். அவனும் இதுவரை ஒரு வார்த்தை சொல்லாதபோது இவள் மட்டும் ஏன் சொல்ல வேண்டும், ஒன்றும் தொடங்கவே இல்லையே என்று எனக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது.

திங்கட்கிழமை காலை 6.30. கோரமண்டல் நடைமேடையில் நிற்க இடமில்லை. இதே ஊரைச் சனிக்கிழமை பார்த்து அரவமற்ற ஊர் என்று நினைத்திருந்தேன். ஊர் முழுக்க டிபன் பையோடு நின்றது. வண்டி மாரிகுப்பத்தில் புறப்பட்டு இரண்டு நிலையங்களைத் தாண்டி இங்கே வருகிறது. வரும்போதே இருக்கைகள் நிரம்பியிருக்கும். இங்கே ஏறுகிறவர்களுக்கு இடம் வேண்டுமென்றால் மாரிகுப்பத்தில் ஏறுகிறவர் யாராவது பையோ துண்டோ போட்டுப் பிடித்து வைக்க வேண்டும். இது இந்த ரயிலின் வழக்கம். ஒரு பெட்டியில் பழகியவர்கள் ஒரு குழு, ஆளுக்கு ஒரு வாரம் முறை வைத்துக்கொண்டு இடம் பிடிப்பார்கள். இதெல்லாம், சரவணன் மாரிகுப்பத்தில் ஏறுகிறவன் என்பது உட்பட, ஹெப்சி எனக்கு எப்போதோ சொன்னதுதான்.

ஏழாவது பெட்டியில் ஏறினோம். ஜன்னலோரம் இரண்டு இடம் காலியாக இருந்தது. ஒன்றில் ஒரு பை. இன்னொன்றில் நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை, நாலு மூலையும் இழுத்து விரித்து. சரவணன் எதிரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். பையை எடுத்து எனக்கு இடம் விட்டான். ஹெப்சி கைக்குட்டையை எடுத்து, பார்க்காமலே இரண்டாக மடித்து அவனிடம் நீட்டினாள். அவன் கை நீட்டுவதற்குள் யாரோ இடையில் புகுந்து போனார்கள். கைக்குட்டை அவளிடமே நின்றுவிட்டது.

எங்களுக்கு எதிரில் பால்ராஜ் அண்ணன் என்று ஒருவர். ஐம்பது வயதிருக்கும், பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் லிப்ட் ஓட்டுகிறவர். சீட்டுக் கட்டைக் கலைத்துக்கொண்டே, நாளையிலிருந்து உனக்கு இடம் பிடிக்க யார் வருவார்கள் என்று ஹெப்சியைக் கேட்டார். முறைப்படி யாராவது பிடிப்பார்கள், இத்தனை நாள் அப்படித்தானே என்றாள் அவள். அவர் சீட்டைக் கலைப்பதை நிறுத்தினார்.

“மொறயா? உன் சீட்டுக்கு ஏதும்மா மொற? அத இவன் யாருக்கும் வுட்டதே இல்லியே. லீவு நாள்ல கூட காலங்காத்தால மாரிகுப்பம் வந்து கர்ச்சீப்ப விரிச்சுட்டு, ‘அண்ணா, இது கோரமண்டலுக்கு’ன்னு எங்கிட்ட சொல்லிட்டு எறங்கி வூட்டுக்குப் போயிடுவான்.”

வண்டி பங்காருப்பேட்டைக்குள் நுழைந்து நின்றது. பிரதான பாதையில் ஏதோ விரைவு வண்டிக்காகக் காத்திருந்தது. ஹெப்சி மடியிலிருந்த கைக்குட்டையைப் பார்த்தாள். எத்தனையோ அத்தியாயங்களில் இந்தப் பெட்டியை வரைந்திருக்கிறாள். கம்பி, மின்விசிறி, ஜன்னல், நிற்கிறவனின் சட்டைப் பொத்தான் வரைக்கும் வரைந்திருக்கிறாள். எந்தக் கட்டத்திலும் இந்தக் கைக்குட்டை இல்லை. நான் ஒவ்வொரு கட்டத்தையும் பத்து முறை பார்த்தவள், எனக்குத் தெரியும்.

சொல்கிற நேரத்தில் ஒரு ரயில் குறுக்கே போய்ச் சத்தம் வார்த்தையை விழுங்கிவிடும். அந்தக் கதைகளில் அப்படி ஒரு பக்கம் கட்டாயம் வரும். இங்கே நாங்கள் இருந்தது ரயிலுக்கு உள்ளே, அதுவும் நின்ற ரயில். அவள் சொன்னது பெட்டி பூராவும் கேட்டது.

“எனக்கு உன்ன புடிக்கும் சரவணா. ஸ்கூல்லேர்ந்து. நேத்து மேட்டுக்கு வரச்சொன்னது இத சொல்லத்தான்.”

சீட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்த சீட்டை இறக்கவில்லை. சரவணன் முகம் சிவக்கவில்லை, மாங்காவில் வருவதுபோல வேர்வைத் துளியும் பறக்கவில்லை. ரொம்பக் களைத்துப்போனவன் மாதிரி இருந்தான்.

“இப்பதான் சொல்ற. நான் ஆறு வருசமா சொல்லிகினுதானே கீறேன்” என்றான்.

எப்போது சொன்னான் என்று அவள் கேட்டாள். குரல் உடைந்திருந்தது. அவன் அவள் கையைப் பார்த்தான்.

“தெனம் அத எடுத்து மடிச்சு எங்கையில குடுப்ப. இன்னிக்காச்சும் இன்னாத்துக்குப் போடறேன்னு கேப்பியான்னு பாத்துகினு இருப்பேன். நீ கேக்கல. சரி, உனக்கு இஷ்டமில்லன்னு வுட்டுட்டேன்.”

“எல்லாரும்தானே புடிக்கறாங்க. ரயில் பழக்கம்னு நெனச்சேன்” என்றாள் ஹெப்சி.

இவள் ஜப்பான்காரர்கள் சொன்னபடி வார்த்தைக்காகக் காத்திருந்தாள். இவன் தங்கவயல்காரன், கையைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சுரங்கத்தில் இறங்கினவரின் பிள்ளை. ஒவ்வொரு காலையும் சொல்லிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தான். நடுவில் ஆறு வருடம் ரயிலில் போயிருக்கிறது. வாய் திறக்காத வரை எதுவும் தொடங்கவில்லை என்று அவளுக்கு எத்தனையோ முறை எடுத்துச் சொன்ன நான், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வண்டி நகர்ந்தது. யாரோ எழுந்து சரவணனை அவளுக்கு எதிரே உட்காரவைத்தார்கள். மாலூர் தாண்டுகிற வரை இரண்டு பேரும் ஏதேதோ பேசினார்கள். நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. புனேயில் இரண்டு வருடம், தீபாவளிக்கு வருவான், வீட்டில் அவனே பேசுவான் என்பது மட்டும் காதில் விழுந்தது. கூட்டம் நெருக்கியபோது இருவர் முழங்காலும் இடித்துக்கொண்டன. விலக்கிக்கொண்டு, பிறகு விலக்காமல் விட்டார்கள். ஒரு பூவிதழும் விழவில்லை. பக்கத்தில் ஒருவர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார்.

ஒயிட்பீல்டில் அவன் இறங்க வேண்டும். கதவருகே போனவன் திரும்பி வந்து அவளிடமிருந்து கைக்குட்டையை வாங்கினான். அவன் தன்னோடு எடுத்துப் போகப்போகிறான் என்று நினைத்தேன், ஹெப்சியும் அப்படித்தான் நினைத்திருப்பாள். அவன் அதைப் பால்ராஜ் அண்ணன் கையில் வைத்தான்.

“அண்ணா, நாளைக்குப் போடுங்க. கோரமண்டலுக்கு.”

அவர் அதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். சரவணன் இறங்கி நடைமேடையில் நின்று, போய்வருகிறேன் என்று சொல்லவில்லை, ஒரு தடவை கையைத் தூக்கினான். அப்போதுதான் ஹெப்சி அழுதாள். அவள் இறங்குகிற பெங்களூர் கண்டோன்மென்ட் வரை அழுதாள். யாரும் அவளைச் சமாதானப்படுத்தவில்லை, யாரும் இடத்தைக் கேட்கவும் இல்லை.

கண்டோன்மென்டில் அவளை வேலைக்கு அனுப்பிவிட்டு அன்று பிற்பகல் வண்டியில் சென்னை திரும்பினேன். பங்காருப்பேட்டையில் வண்டி நின்றபோது கிளைப் பாதை வளைந்து போகிற திசையை எட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து ‘தூசிக் காலம்’ கடைசி அத்தியாயம் வந்தது. மேட்டின் மேல் அவர்கள் நிற்கிற கட்டத்துக்கு அடுத்து, பள்ளிச் சீருடை இல்லை, ஆட்களே இல்லை. ஒரு ரயில் பெட்டி, ஜன்னலோர இருக்கை, அதில் விரித்த கட்டம் போட்ட துணி. அவ்வளவுதான். குழுவில் ஒரே கோபம். இரண்டு வருடம் காக்கவைத்துவிட்டு அவன் சொல்லவே இல்லையே என்று எல்லாரும் எழுதினார்கள். நான் எதுவும் எழுதவில்லை.

நானும் தினமும் ரயிலில் போகிறவள்தான். காலையில் அம்பத்தூரில் ஏறும்போது வண்டி நிரம்பி வரும், நின்றுகொண்டு போவேன். பதினாறு வருடத்தில் எனக்காக யாரும் இடம் போட்டு வைத்ததில்லை. எங்கள் ஊர் ரயிலில் இடம் பிடித்து வைத்தால் சண்டைதான் வரும். இதை ஒரு குறையாக இதுவரை நினைத்ததும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை மாலை, சென்ட்ரலில் வண்டி காலியாக நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். என்ன தோன்றியதோ, பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பக்கத்து இடத்தில் நாலு மூலையும் இழுத்து விரித்தேன். பெட்டி நிரம்பியது. காய்கறிப் பையோடு ஒரு பெண் வந்து நின்று, ஆள் வருகிறார்களா என்று கேட்டாள்.

“வருவாங்க” என்றேன்.

அவள் நம்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி நகர்ந்து நடைமேடை முடிகிற வரை பார்த்தேன். பிறகு கைக்குட்டையை எடுத்து இரண்டாக மடித்து வைத்துக்கொண்டு, நீங்க உட்காருங்க என்றேன்.